இரத்தக் குழாயில் வாயு ஏது?

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



இன்றையதினம் நாம் பேச ஒப்புக்கொண்ட விஷயம் சாமியைப்பற்றியதும் அல்ல, புரோகிதனைப்பற்றியதும் அல்ல. நமது ஒவ்வொருவர் தோலுக்கடியிலும் இராப்பகலாய் வேலைசெய்துகொண்டிருக்கிற இரத்தக் குழாய்களைப்பற்றியும், அவைகளுக்கு மனிதன் இட்ட பேர்களைப்பற்றியுமே பேசப்போகிறோம். இது வைத்தியக் கல்லூரியில் பேசவேண்டியதாயிற்றே, இங்கு இதற்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். வேலை இருக்கிறது. சாமியும் புரோகிதனும் நாம் கூப்பிடாமலேயே இந்த விஷயத்திற்குள் வந்து சேருவார்கள். (சிரிப்பு)

முதலில் விஷயத்தை விளங்கிக்கொள்ளுவோம். இருதயத்திலிருந்து இரத்தத்தை வாங்கி உறுப்புகளுக்குக் கொண்டுபோகிற குழாய் ஒருவகை. உறுப்புகளிலிருந்து திரும்ப இருதயத்துக்குக் கொண்டுவருகிற குழாய் மற்றொருவகை. இந்த இரண்டையும் இணைத்துக்கொண்டு, மயிரைவிட மெல்லியதாய், கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிற குழாய் மூன்றாவது வகை. பாடப் புத்தகத்தில் முதலாவதற்குத் தமனி, இரண்டாவதற்குச் சிரை, மூன்றாவதற்குத் தந்துகி என்று பேர். நமது ஜனங்கள் பேச்சிலோ எல்லாவற்றுக்கும் சேர்த்து நரம்பு என்று ஒரே பேர்தான். ஊசி போடும்போது நரம்பு கிடைக்கவில்லை என்கிறோம். கால் மரத்துப்போனாலும் நரம்பு என்கிறோம். வீணையில் கட்டியிருப்பதும் நரம்புதான். போகட்டும். கொண்டுபோகிற குழாய்க்கு ஆங்கிலத்தில் ஆர்ட்டெரி என்று பேர். இந்தப் பேருக்குள்ளே ஒரு பெரிய கதை புதைந்துகிடக்கிறது.

இது கிரேக்கச் சொல். பழைய கிரேக்கர்கள் நாம் மூச்சு விடுகிற குழலுக்கும் இதே பேரைத்தான் வைத்திருந்தார்கள். மூச்சுக்குழல் தொட்டால் வளையம் வளையமாய்க் கரடுமுரடாக இருப்பதால் அதைக் கரடு ஆர்ட்டீரியா என்றார்கள். இன்றைக்கும் டாக்டர்கள் மூச்சுக்குழலை டிரேக்கியா என்கிறார்களே, அந்தச் சொல்லுக்குக் கரடுமுரடு என்பதே அர்த்தம். அப்படியானால் காற்றுப் போகும் குழலுக்கும் இரத்தம் போகும் குழாய்க்கும் ஏன் ஒரே பேர் வைத்தார்கள்? இரண்டிலும் காற்றுத்தான் போகிறது என்று நினைத்ததால் வைத்தார்கள்.

அவர்கள் அப்படி நினைத்ததற்குக் காரணம் உண்டு. செத்த உடலை அறுத்துப் பார்த்தார்கள். சிரைகளில் இரத்தம் இருந்தது; தமனிகள் பெரும்பாலும் காலியாய்க் கிடந்தன. உயிர் போகிற சமயத்தில் தமனி சுருங்கித் தன்னிடமுள்ள இரத்தத்தைத் தள்ளிவிடுகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. காலியாய்க் கிடக்கிற குழாயில் காற்றுத்தானே இருந்திருக்கவேண்டும் என்று முடிவுகட்டி, அதற்கு உயிர்க்காற்று என்று ஒரு கவுரவமான பேரும் கொடுத்துவிட்டார்கள். பிராக்சகோரஸ் என்பவர் இப்படித்தான் சொன்னார். அவருக்குப் பிறகு, கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த எராசிஸ்திராதஸ் என்ற கெட்டிக்காரரும் இதையே சொன்னார்.

உயிரோடிருக்கிற மனிதனுக்குக் கத்தி பட்டால் தமனியிலிருந்து இரத்தம் பீச்சியடிக்கிறதே, அதற்கு என்ன சொல்லுகிறீர் என்று அவரைக் கேட்டால், பதில் வைத்திருந்தார். வெட்டின உடனே காற்று ஓடிப்போய்விடுகிறது, அந்தக் காலி இடத்தை நிரப்பப் பக்கத்துச் சிரையிலிருந்து இரத்தம் ஓடி வருகிறது, நீர் பார்ப்பது அதைத்தான் என்றார். ஓடிப்போன காற்றை யாராவது பார்த்தார்களா என்றால், காற்றை எப்படிப் பார்க்கமுடியும்? தோழர்களே, இந்தமாதிரிப் பதிலை நீங்கள் வேறெங்காவது கேட்டிருக்கிறீர்களா இல்லையா? (சிரிப்பு) ஒரு முடிவை முன்னாலேயே எடுத்துக்கொண்டு, கண்ணால் கண்டது எதிராய் இருந்தால் கண்டதற்கு வேறு அர்த்தம் சொல்லுவது ஒரு தேசத்துக்கு மாத்திரம் சொந்தமல்ல.

சுமார் 400 வருஷம் கழித்து ரோமாபுரியில் கேலன் என்ற வைத்தியர் இதைப் பரீட்சித்தார். அவர் செய்தது வெகு சுலபமான காரியம். உயிருள்ள மிருகத்தின் தமனியை இரண்டு இடத்தில் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். இனி வெளியிலிருந்து எதுவும் உள்ளே ஓடிவர முடியாது. இரண்டு கட்டுக்கும் நடுவில் கீறிப் பார்த்தார். உள்ளே இருந்தது இரத்தம். இரண்டு முழக் கயிறும் ஒரு கத்தியும் 400 வருஷத்துப் பாண்டித்தியத்தை முடித்துவிட்டன. ஆனால் பேர் மாத்திரம் போகவில்லை. காற்றுக்காரன் வைத்த பேர் இன்றுவரை இருக்கிறது.

இதே கேலனே பின்னால் ஒரு வேதமாகிவிட்டார் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். இரத்தம் ஈரலில் உண்டாகிறது, அங்கிருந்து உறுப்புகளுக்குப் போய் அங்கேயே செலவாகிப் போகிறது, திரும்பி வருவதில்லை என்று அவர் எழுதினார். இருதயத்தின் வலது அறைக்கும் இடது அறைக்கும் நடுவில் இருக்கிற சுவரில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் உண்டு, அவற்றின் வழியே இரத்தம் கசிகிறது என்றும் எழுதினார். அந்தத் துவாரத்தை ஒருவரும் கண்டதில்லை. ஆனாலும் 1300 வருஷத்துக்குமேல் ஐரோப்பாவின் பள்ளிக்கூடங்களில் அது இருப்பதாகவே வாசித்தார்கள். வாத்தியார் உயர்ந்த ஆசனத்திலிருந்து கேலன் புத்தகத்தை வாசிப்பார். கீழே ஒரு வேலைக்காரன் பிணத்தை அறுப்பான். அறுத்ததில் வேறுமாதிரி தெரிந்தால் புத்தகம் சரி, பிணம் தப்பு!

இது விளையாட்டுக்குச் சொல்லுவதல்ல. 1543-ல் வெசாலியஸ் என்ற வாலிப ஆசிரியர் தாமே கத்தி எடுத்து அறுத்துப் பார்த்து, கேலன் சொன்னதில் அநேகம் மனித உடலில் இல்லை என்று பெரிய புத்தகம் போட்டார். அவருக்கு முன்பு பாடம் சொல்லிக்கொடுத்த சில்வியஸ் என்ற பாரிஸ் பண்டிதர் கோபங்கொண்டு, கேலன் தவறவில்லை, கேலன் காலத்துக்குப் பிறகு மனிதனுடைய உடம்புதான் மாறிக் கெட்டுப்போய்விட்டது என்றார். புத்தகத்தைக் காப்பாற்ற மனித எலும்பையே மாற்றிவிட்டார்.

டமாஸ்கஸ்காரராகிய இப்னு அல்-நபீஸ் என்ற முஸ்லிம் வைத்தியர் 1242-லேயே, இருதயச் சுவரில் துவாரம் கிடையாது, இரத்தம் நுரையீரல் வழியாய்ச் சுற்றித்தான் இடப்பக்கம் போகவேண்டும் என்று எழுதிவைத்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி பெர்லின் நூல்நிலையத்தில் கிடந்து, 1924-ல்தான் ஒரு எகிப்திய டாக்டர் கண்ணில் பட்டது. ஸ்பெயின் தேசத்து செர்வீட்டஸ் என்பவரும் இதையே 1553-ல் அச்சிட்டார். அதே வருஷத்தில் ஜெனீவாவில் அவரை உயிரோடு கொளுத்தினார்கள். இரத்தத்தைப்பற்றிச் சொன்னதற்காகக் கொளுத்தவில்லை. கடவுள் மூன்றா ஒன்றா என்ற சண்டைக்காகக் கொளுத்தினார்கள். நம்மவர்கள் மேடையில் இதை மாற்றிச் சொல்லுகிறதுண்டு. அப்படிச் சொல்ல வேண்டியதில்லை. உண்மையே போதுமான அளவு கேவலமாயிருக்கிறது. அவர் புத்தகத்தில் மிஞ்சினது 3 பிரதிகள்.

முடிவாக விஷயத்தைத் தீர்த்தவர் இங்கிலாந்து தேசத்து வில்லியம் ஹார்வி. 1628-ல் 72 பக்கமுள்ள சிறு புத்தகம் போட்டார். அதிலுள்ள பெரிய ஆயுதம் கணக்கு. அவர் போட்ட வழியிலேயே இன்றைய அளவுகளை வைத்து நாமும் போட்டுப் பார்க்கலாம். இருதயம் ஒரு தடவை துடித்தால் சுமார் 70 மில்லிலிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது. நிமிஷத்துக்குச் சுமார் 70 துடிப்பு. ஆகவே நிமிஷத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர். மணிக்கு 300 லிட்டர். 15 லிட்டர் பிடிக்கிற குடத்தால் அளந்தால் மணிக்கு 20 குடம், நாளொன்றுக்கு 480 குடம். நம்மில் ஒருவன் இரண்டுவேளைக் கூழோ மூன்றுவேளைச் சோறோ சாப்பிட்டு நாளைக்கு 480 குடம் இரத்தம் உற்பத்தி செய்யமுடியுமா? உடம்பிலே மொத்தம் இருப்பதே சுமார் 5 லிட்டர்தான். ஆகவே போன இரத்தமேதான் திரும்பி வரவேண்டும், வேறு வழியில்லை. ஹார்விக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பாமர ஜனங்கள் நம்பினதாகவும், அவருடைய வைத்தியத் தொழிலே குறைந்துபோனதாகவும், அவரை நேரில் அறிந்த ஆப்ரே என்பவர் எழுதிவைத்திருக்கிறார். கொண்டுபோகிற குழாயும் கொண்டுவருகிற குழாயும் எங்கே சேருகின்றன என்பதை மாத்திரம் ஹார்வி பார்க்கவில்லை. அவர் 1657-ல் இறந்தார். 1661-ல் மால்பீஜி என்ற இத்தாலிக்காரர் தவளையின் நுரையீரலைப் பூதக்கண்ணாடியில் வைத்து அந்த மயிர்க்குழாய்களைக் கண்டார்.

நிற்க. இந்தக் கதையெல்லாம் வெள்ளைக்காரன் ஊரில் நடந்தது, நமக்கு என்ன என்று கேட்கலாம். நமக்கு உள்ள பங்கைச் சொல்லுகிறோம்.

தமனி என்ற வடமொழிச் சொல்லுக்கு வேர் என்ன தெரியுமா? ஊதுதல் என்பது. கொல்லன் துருத்தி ஊதுகிறானே, அந்த ஊதல். ஆக கிரேக்கன் எப்படிக் காற்றை நினைத்துப் பேர் வைத்தானோ, அப்படியே இங்கேயும் ஊதும் குழல் என்று பேர் வைத்திருக்கிறார்கள். சுசுருத சம்ஹிதை என்ற வைத்திய நூலில் சிரைகள் 700 என்றும், தமனிகள் 24 என்றும், இவைகள் தொப்புளிலிருந்து கிளம்புகின்றன என்றும் கணக்கு இருக்கிறது. வயிற்றுப் பிள்ளைக்குத் தொப்புள் கொடி வழியாய் இரத்தம் வருவதைப் பார்த்துச் சொன்னதாயிருக்கலாம்; அதைக் குற்றம் சொல்ல நாம் வரவில்லை. பிணத்தைப் பார்த்துத்தான் படிக்கவேண்டும் என்று சொன்ன நூலும் அதுதான். பிணத்தைப் புல்லில் சுற்றி, ஓடுகிற தண்ணீரில் ஏழு இரவு ஊறப்போட்டு, பிறகு தூரிகையால் தேய்த்துத் தேய்த்து உள்ளே பார்க்கும்படி அது சொல்லுகிறது. ஏழு இரவு அழுகின உடலில் எது கொண்டுபோகிற குழாய், எது கொண்டுவருகிற குழாய் என்று எப்படித் தெரியும்? இவ்வளவாவது செய்யச் சொன்னார்களே என்று சந்தோஷப்பட்டால், பின்னால் வந்தவர்கள் பிணத்தைத் தொட்டால் தீட்டு என்று அதையும் நிறுத்திவிட்டார்கள். தொட்டுத் தூக்குகிறவனைத் தீண்டாதவன் என்று ஊருக்கு வெளியே வைத்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளக்கூடியவன் கையில் புத்தகம் இல்லை. புத்தகம் வைத்திருந்தவன் கை உடலைத் தொடவில்லை. 1836-ல் கல்கத்தா வைத்தியக் கல்லூரியில் மதுசூதன் குப்தா என்பவர் பிணத்தை அறுத்தபோது அது ஒரு பெரிய புரட்சியாகப் பேசப்பட்டதென்றால், இடைக்காலத்தின் யோக்கியதையை நீங்களே தெரிந்துகொள்ளலாம்.

யோகிகளோ உடம்பில் 72,000 நாடி என்றார்கள். எண்ணினவன் யார், எத்தனை நாள் எண்ணினான் என்று கேட்டால் நாஸ்திகன் என்கிறார்கள்.

பேர் தப்பாயிருந்தால் என்ன, டாக்டர்களும் ஆர்ட்டெரி என்றுதானே சொல்லுகிறார்கள் என்று ஒரு தோழர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. டாக்டர் அந்தப் பேரைச் சொன்னாலும் அதற்குள் காற்று இருக்கிறது என்று நினைத்து வைத்தியம் செய்வதில்லை. பேர் வெறும் அடையாளமாய் நின்றுவிட்டது. நமது வீடுகளில் அப்படியில்லை. நமது வீடுகளில் அந்தக் காற்று இன்னும் உயிரோடு இருக்கிறது. அதற்கு வாயு என்று பேர். அந்தப் பேர்தான் என்ன மருந்து என்பதைத் தீர்மானிக்கிறது. சில சமயம் உயிர் இருக்கவேண்டுமா போகவேண்டுமா என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

நமக்குத் தெரிந்த தோழர் ஒருவர் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர். வயது 46. ஒருநாள் இரவு எட்டு மணிக்கு நடுமார்பில் பாறாங்கல்லை வைத்ததுபோல் அழுத்துகிறது என்றார். இடதுகையும் தாடையும் வலித்தது. தலையிலிருந்து கால்வரை வேர்த்துக் கொட்டியது. வீட்டிலே எல்லோரும், இது வாயுப்பிடிப்பு, மத்தியானம் சாப்பிட்ட மொச்சைக்கொட்டை செய்கிற வேலை என்றார்கள். ஓம வாட்டர் கொடுத்தார்கள். சோடா கொடுத்தார்கள். பூண்டைச் சுட்டுக் கொடுத்தார்கள். ஒரு ஏப்பம் வந்தது. வாயு இறங்குகிறது என்று சந்தோஷப்பட்டார்கள். பத்து மணிக்கு ஒருவர் வந்து வேப்பிலை அடித்துத் திருநீறு போட்டார். விடியற்காலை நான்கு மணிக்கு அந்தத் தோழர் இறந்துபோனார். பெரிய ஆஸ்பத்திரி அங்கிருந்து 6 மைல் தூரம். அதற்குமேல் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். விதி முடிந்துவிட்டது என்றார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்த அம்மாள் காதிலிருந்ததை அடகு வைத்தார்கள்.

அந்த மனிதரின் மார்பில் நடந்தது என்ன? இருதயம் உடம்புக்கெல்லாம் இரத்தம் அனுப்புகிறதே, அதற்கு வேண்டிய இரத்தம் எங்கிருந்து வருகிறது? தன் அறைகளுக்குள் நிறைந்திருக்கிற இரத்தத்தை அது தானே எடுத்துக்கொள்ள முடியாது. அண்டாச் சோற்றை வடித்துப் பரிமாறுகிறவனுக்கும் தனியாய் ஒரு இலை போடவேண்டியதுபோல, இருதயத்துக்கும் தனியாய் இரண்டு தமனிகள் இருக்கின்றன. அவைகள் இருதயத்தின் மேல் ஒரு கிரீடம்போல் சுற்றிக்கொண்டிருப்பதால் லத்தீன் பாஷையில் கிரீடம் என்ற அர்த்தத்தில் கொரோனரி என்று பேர் வைத்தார்கள். இந்தக் குழாயின் உட்சுவரில் வருஷக்கணக்காய்க் கொழுப்புப் படிந்து, ஒருநாள் அது வெடித்து, அந்த இடத்தில் இரத்தம் கட்டியாய் உறைந்து அடைத்துக்கொள்ளுகிறது. அந்தக் கிளைக்குக் கீழே உள்ள இருதயச் சதைக்கு இரத்தம் போகவில்லை. வாய்க்காலில் மண் சரிந்தால் கடைமடை வயல் காய்வதுபோல, அந்தச் சதை சாக ஆரம்பிக்கிறது. இதில் மொச்சைக்கொட்டைக்கு என்ன சம்பந்தம்?

வயிற்றிலே வாயு உண்டாவது நிஜம். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அது வாய் வழியாகவோ கீழ்வழியாகவோ போகுமேயன்றி இரத்தக் குழாய்க்குள் புகுந்து இருதயத்தைப் பிடிக்க அதற்கு வழியே கிடையாது. இரத்தக் குழாய்க்குள் நிஜமாகவே நிறையக் காற்று போய்விட்டால் மனிதன் பிழைப்பது கஷ்டம். ஊசி போடுகிற நர்சம்மாள் மருந்தை முதலில் மேலே ஒரு துளி பீச்சிவிடுகிறாரே, பார்த்திருக்கிறீர்களா? ஊசிக்குழலில் இருக்கிற காற்றை வெளியே தள்ளத்தான் அப்படிச் செய்கிறார்.

ஆகவே நடுமார்பில் அழுத்தம், கைக்கோ கழுத்துக்கோ தாடைக்கோ பரவுகிற வலி, வேர்வை, மூச்சுத் திணறல் இவைகள் கண்டால் ஏப்பத்துக்காகக் காத்திருக்காதீர்கள். சர்க்கரை வியாதிக்காரருக்கும் பெண்களுக்கும் பெரிய வலி இல்லாமலேகூட, வெறும் களைப்பும் குமட்டலுமாய் வரக்கூடும். உடனே 108-க்குப் பேசி, இருதயத்தின் மின்சாரப் படம் எடுக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நோயாளியை நடக்க விடாதீர்கள். அடைப்பைக் கரைக்கவும், குழாய்க்குள்ளேயே கம்பி விட்டுத் திறக்கவும் வழி இருக்கிறது. எல்லாம் நேரத்தைப் பொறுத்தது. ஒருவேளை அது வயிற்று வாயுவாகவே இருந்துவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. சிரித்துக்கொண்டு திரும்பி வரலாம்.

இதைப்போலவே மற்றொன்று. ஒருவருக்குத் திடீரென்று வாய் கோணி, ஒருபக்கத்துக் கையும் காலும் விழுந்து, பேச்சுக் குழறினால் அதற்கு நாம் வைத்திருக்கிற பேர் என்ன? பக்கவாதம், பாரிசவாயு! இங்கேயும் வாதம், இங்கேயும் வாயு. கழுத்தின் இரண்டு பக்கத்திலும் மூளைக்கு இரத்தம் கொண்டுபோகிற தமனிகள் ஓடுகின்றன. அவற்றுக்குக் கரோட்டிட் என்று பேர். ஆழ்ந்த மயக்கம் என்ற அர்த்தமுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கழுத்தை அங்கே அழுத்தினால் மயக்கம் வருகிறது என்று கண்டு வைத்த பேர். இது ஓரளவு கண்ணால் கண்டதைச் சொல்லுகிற பேர். (தயவுசெய்து ஒருவரும் வீட்டுக்குப் போய்ப் பரீட்சை பார்க்கவேண்டாம்.) இந்தக் குழாய்களிலோ இவற்றின் கிளைகளிலோ அடைப்பு ஏற்பட்டு மூளையில் ஒரு பகுதிக்கு இரத்தம் போகாவிட்டால், அந்தப் பகுதி ஆளுகிற கைகால் விழுந்துவிடுகிறது. சிலருக்கு அடைப்பில்லாமல் குழாய் வெடித்து இரத்தம் கசிவதாலும் வரும். எது என்பதைத் தலையைப் படம் எடுத்துப் பார்க்காமல் எப்பேர்ப்பட்ட டாக்டராலும் உறுதியாய்ச் சொல்லமுடியாது.

அடைப்பானால் அதைக் கரைக்கிற மருந்து இருக்கிறது. ஆனால் வியாதி கண்ட நாலரை மணி நேரத்துக்குள் அதைப் போடவேண்டும். இந்த நாலரை மணி நேரத்தில் நம்முடைய ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? புறாவை அறுத்து அதன் இரத்தத்தைச் சூட்டோடு தேய்க்கிறார்கள். உள்ளே இரத்தம் போகாமல் கிடக்கிறவனுக்கு வெளியே இரத்தம் பூசுகிறார்கள்! தேங்காயெண்ணெயோ கஷாயமோ வாயில் ஊற்றுகிறார்கள். விழுங்கும் சக்தி போயிருக்கும் ஆளுக்கு அது மூச்சுக்குழலில் இறங்கி அதனாலேயே உயிர் போவதுண்டு. சனி பிடித்திருக்கிறது என்று ஜோசியன் சொல்லுகிறான். நாலரை மணி நேரம் போய்விடுகிறது. மனிதன் பிழைத்தாலும் மீதிக்காலம் திண்ணையில் கிடக்கிறான். பாரிசவாயு என்ற பேரை ஒழித்து மூளை இரத்த அடைப்பு என்று நாம் சொல்லப் பழகினாலே, பேரைக் கேட்டவுடன் எண்ணெய்க்கடையை நினைக்காமல் ஆஸ்பத்திரியை நினைப்பார்கள் என்று கருதுகிறோம்.

இதுவரை புரோகிதன் முழுசாய் வரவில்லை. இனி வருகிறான்.

ஒரு பெரிய புருஷனுடைய முகத்திலிருந்து ஒரு ஜாதியும், தோளிலிருந்து ஒரு ஜாதியும், தொடையிலிருந்து ஒரு ஜாதியும், பாதத்திலிருந்து நாமும் பிறந்தோம் என்று வேதத்தில் எழுதிவைத்து, மனுவும் அதை எடுத்துச் சொல்லியிருக்கிறான். தலை மேலே இருப்பதால் உயர்ந்தது, கால் கீழே இருப்பதால் தாழ்ந்தது என்பது இதன் அஸ்திவாரம். ஹார்வி புத்தகம் போட்ட பிறகு இந்த அஸ்திவாரத்தின் கதி என்ன என்று கேட்கிறோம். காலுக்குப் போன இரத்தம் காலிலேயே நிற்கவில்லை. அது இருதயத்துக்குத் திரும்பி, நுரையீரலுக்குப் போய், மறுபடியும் இருதயத்துக்கு வந்து, அடுத்த நிமிஷம் தலைக்கு ஏறுகிறது. தலையிலிருந்தது காலுக்கு இறங்குகிறது. முகத்தில் பிறந்தவனுடைய முகத்தில் இந்த நிமிஷம் ஓடுகிற இரத்தம் போன நிமிஷம் அவனுடைய உள்ளங்காலில் இருந்திருக்கலாம். அவன் எந்த நிமிஷம் ஸ்நானம் செய்யப்போகிறான்? (சிரிப்பு, கைதட்டல்)

காலிலிருந்து இரத்தம் மேலே ஏறுவதற்கு இருதயத்தின் தள்ளல் மாத்திரம் போதாது. நடக்கும்போது ஆடுசதை சிரைகளை நசுக்கி நசுக்கி மேலே தள்ளுகிறது. கீழே விழாதபடி சிரைக்குள்ளே கதவுபோன்ற தடுக்குகள் இருக்கின்றன. அசையாமல் வெகுநேரம் நிற்கிற சிப்பாய் மயங்கி விழுகிறானே, கால் அசையாததால் தலைக்குப் போதிய இரத்தம் கிடைக்காமல்தான் விழுகிறான். தலை தெளிவாயிருப்பது கால் செய்கிற ஊழியத்தினால்.

எந்த உறுப்புக்கு எவ்வளவு இரத்தம் போகிறது என்பதையும் பாருங்கள். மூளைக்குச் சுமார் 100-க்கு 15 பங்கு. ஈரலுக்குச் சுமார் கால்பங்கு. அதிலும் பெரும்பாகம் தமனியில் வருவதல்ல, குடலிலிருந்து ஒரு சிரை கொண்டுவந்து கொடுப்பது. சிரையாய்ப் பிறந்தும் உறுப்புக்கு இரத்தம் கொண்டுபோகிற வேலையை அது செய்கிறது. அதற்கு வாசல் என்ற அர்த்தத்தில் போர்ட்டல் சிரை என்று பேர். சரி, மூத்திரத்தை உண்டாக்குகிற குண்டிக்காய்கள், அதாவது சிறுநீரகங்கள் இருக்கின்றனவே, அவைகள் இரண்டும் சேர்ந்து கால் கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். அவைகளுக்குப் போகிற இரத்தம் 100-க்கு 20 பங்குக்குமேல். ஒன்றேகால் கிலோவுக்கு மேற்பட்ட மூளையைவிட, பேர் சொல்லவே கூசுகிற உறுப்புக்கு அதிக இரத்தம்! சாஸ்திரிகளிடம் யோசனை கேட்டிருந்தால் உடம்பை இப்படி நடத்தவிடுவார்களா?

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இரத்தத்தை உள்ளே கொண்டுவர ஒரு சிறு தமனி, வெளியே கொண்டுபோக ஒரு சிறு தமனி. ஆங்கில வைத்தியர்கள் லத்தீனிலிருந்து எடுத்து அஃபெரன்ட், எஃபெரன்ட் என்கிறார்கள். கொண்டுவருவது, கொண்டுபோவது என்பதைத் தவிர அதில் வேறு மந்திரம் இல்லை. நம் பாடப் புத்தகத்தில் உட்செல் நுண்தமனி, வெளிச்செல் நுண்தமனி என்று வைத்திருக்கிறார்கள். நல்ல பேர்கள். காற்று, கிரீடம், மயக்கம் ஒன்றும் இல்லாமல், என்ன வேலை செய்கிறதோ அதுவே பேராயிருக்கிறது. எல்லாக் குழாய்களுக்கும் இப்படி வைத்திருந்தால் எழுத்தறியாத தாய்மார்களுக்குக்கூட ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். இந்த வடிகட்டிகள் நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றரை இரண்டு லிட்டர் தவிர மற்றதைத் திரும்ப இரத்தத்துக்கே கொடுத்துவிடுகின்றன. வேலை அதிகம், ஆகவே இரத்தம் அதிகம். நீங்கள் ஓடும்போது கால்சதைகளுக்கு இதையெல்லாம்விடப் பலமடங்கு போகிறது. சாப்பிட்டு உட்கார்ந்தால் குடலுக்குப் போகிறது.

இரத்தத்துக்கே ஜாதி வைத்தவர்களும் உண்டு. தமனியில் போவது சுத்த இரத்தம், சிரையில் வருவது அசுத்த இரத்தம் என்று பள்ளிக்கூடங்களில் வெகுகாலம் சொல்லிக்கொடுத்தார்கள். அசுத்தம் என்று சொல்லப்பட்ட அந்த இரத்தத்தில், சும்மா உட்கார்ந்திருக்கிற மனிதனுக்கு, பிராணவாயு முக்கால்பங்கு அப்படியே இருக்கிறது. இருதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகிற தமனியிலோ ஓடுவது அந்த 'அசுத்த' இரத்தமேதான். நுரையீரலிலிருந்து வருகிற சிரையில்தான் 'சுத்த' இரத்தம். குழாயின் குலத்தைப் பார்த்து உள்ளே இருப்பதன் குணத்தைச் சொல்லமுடியாது. இப்பொழுது பாடப் புத்தகங்களில் ஆக்சிஜன் மிகுந்த இரத்தம், குறைந்த இரத்தம் என்று திருத்தியிருக்கிறார்கள். வீட்டில் பிள்ளைகள் பழைய பேரைச் சொன்னால் நீங்களும் திருத்துங்கள்.

நேரமாகிவிட்டது. அதோ அந்த மேஜைமேல் வாழையிலையில் இரண்டு ஆட்டு இருதயம் வைத்திருக்கிறது. கறிக்கடைத் தோழர் காசு வாங்காமல் கொடுத்தார். ஒன்றை நடுவில் பிளந்து வைத்திருக்கிறோம். கூட்டம் கலைந்ததும் ஆண்களும் பெண்களும் வரிசையாய் வந்து, இரண்டு அறைக்கும் நடுவிலுள்ள சுவரில் விரலை வைத்து அழுத்திப் பாருங்கள், கேலன் சொன்ன துவாரம் இருக்கிறதா என்று. மேலே கிரீடம்போல் ஓடுகிற குழாயையும் பாருங்கள். அதற்குள் ஒரு துடைப்பக்குச்சியின் நுனி நுழையும். கை கழுவ வாசலில் வாளியும் சோப்பும் இருக்கிறது.